தேவசேனா வீட்டு வெந்நீர்

பூம்பாறைக் கந்தம்மாளுக்கு இரண்டு அறை ஹோம் ஸ்டே, ஒரு துண்டுப் பூண்டுத் தோட்டம், ஓர் ஓரகத்தி. முதல் இரண்டும் அவர் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.

ஓரகத்தி தேவசேனா, கொழுந்தன் மனைவி, பக்கத்து வீடு. தேவசேனா சுவருக்கு மஞ்சள் அடித்தால், கந்தம்மாள் சுவர் அடுத்த வாரமே அதைவிட மஞ்சளாகும். தேவசேனா ஹோம் ஸ்டே தொடங்கினார், இவரும் தொடங்கினார். கொடைக்கானலில் ஒரே கடையில், ஒரே நாளில், இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ஆளுக்கொன்று வாங்கினார்கள். அங்கே குளித்தவர்கள் முகம் சிவந்து வந்தார்கள். இங்கே குளித்தவர்கள் பல் கிட்டி வந்தார்கள்.

வேனில் ஆள் கூட்டிவரும் பிரசாந்த் கறாராகச் சொல்லிவிட்டான்: "சனிக்கிழமைக்குள்ள தண்ணி சுடணும் பெரியம்மா. இல்லேன்னா இனி எல்லாப் பார்ட்டியும் சின்னம்மா வீட்டுக்குத்தான்."

வருமானம் போவதைக்கூடத் தாங்கலாம். அது போய்ச் சேருகிற இடம்?

"நல்ல ஹீட்டர அவ அமுக்கிட்டு, எனக்கு நோஞ்சானத் தள்ளிட்டா" என்றார் கந்தம்மாள்.

"மாத்திக்குவோம்க்கா" என்று தேவசேனா கழற்றியே கொடுத்தார். மாற்றியும் அங்கேதான் ஆவி பறந்தது. நல்ல மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று கந்தம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளனே கொடைக்கானலிலிருந்து எலக்ட்ரீஷியன் சுகன்யா மீட்டரோடு வந்தாள். இரண்டு வீட்டிலும் ஹீட்டரைப் போட்டு அளந்தாள்.

"அங்க இருநூத்திப் பன்னெண்டு வோல்ட், எட்டு ஆம்பியர். வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா ஹீட்டரோட ரெசிஸ்டன்ஸ். இருபத்தாறரை ஓம்."

"எனக்கு?"

"நூத்தி எழுபத்திரண்டு வோல்ட், ஆறரை ஆம்பியர். வகுத்தா அதே இருபத்தாறரை. ரெண்டு ஹீட்டரும் ஒண்ணுதான் பெரியம்மா."

"பெறகு ஏன்டி சுடல?"

"சூட்டுக்கு ரெண்டையும் பெருக்கணும். அங்க ஆயிரத்தி அறுநூத்தித் தொண்ணூத்தாறு வாட். இங்க ஆயிரத்தி நூத்திப் பதினெட்டு. வோல்ட் கொறைஞ்சா ஆம்பியரும் கூடவே கொறையும், ரெண்டு பக்கமும் அடி."

கந்தம்மாள் கழித்துப் பார்த்தார். ஐந்நூற்று எழுபத்தெட்டு வாட். அவர் பொறாமைக்கு இதுவரை இத்தனை துல்லியமாக ஓர் எண் கிடைத்ததில்லை.

வோல்ட் எங்கே தொலைந்தது என்று சுகன்யா ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது மூன்று அடுக்குத் தோட்டம் இறங்கி, தூரத்துக் கம்பத்தில் முடிந்தது.

"சின்னம்மா சுவரோரமே கம்பம் நிக்குது. ஏன் அங்கேருந்து இழுத்தீங்க?"

"அவ சுவரோரக் கம்பத்துல நான் ஏன் எடுக்கணும்?"

ஆக, பொறாமையின் நீளம் இருநூறு மீட்டர். அந்த மெல்லிசு ஒயரே நாற்பது வோல்ட்டை விழுங்கிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் லைன்மேன் வர்றார். எழுதிக் குடுத்தா இன்னைக்கே கிட்டக் கம்பத்துக்கு மாத்திருவார். ஒயர் சின்னம்மா கூரைமேல வரணும், அவங்க சம்மதம் வேணும்."

"அவகிட்ட நான் போய் நிக்கவா? தண்ணி சுடவே வேணாம், போ!"

சுகன்யா மீட்டரைப் பையில் போட்டாள். கந்தம்மாள் நகரவில்லை.

"ஏ சுகன்யா, ஒரே கம்பத்துல எடுத்தா அவளுக்குக் கொறையுமா?"

"ரெண்டு ஹீட்டரும் ஒண்ணா ஓடினா ஒரு மூணு வோல்ட் கொறையலாம்."

"வாட்டுல சொல்லு."

சுகன்யா செல்போனில் தட்டினாள். "நாப்பத்தெட்டு."

கந்தம்மாள் முந்தானையை உதறிச் செருகினார். ஒரு பிடி பூண்டு எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு வாசலில் அவர் குரல் கேட்டது, அத்தனை இனிப்பாக:

"அம்மா தேவசேனா, வெரசா வா. உன் சம்மதம் ஒண்ணு வேணும்."