திருஷ்டிக்கு மாட்டிய படங்கள்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நாலாவது என் இரண்டாவது மகனின் மகள். மருமகள் காய்ச்சலில் போனபோது கைக்குழந்தையாக என் மடிக்கு வந்தவள், இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனாலும் என் பிள்ளையைப் பற்றி வேறு யாரோ எழுதி, நான் கையெழுத்து மட்டும் போடுவதா? அது நடக்காது.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவ ஃபேக்டரியில் இருந்தார். குவார்ட்டர்ஸில் மற்ற பிள்ளைகள் மலையும் தென்னைமரமும் வரைந்தால், என் இரண்டாவது மகன் அண்ணனூர் ஷெட்டில் நிற்கிற ரயில்களைக் குட்டையில் படுத்து அசைபோடும் எருமைகளாக வரைவான். எங்கள் இஸ்திரிப் பெட்டிக்குக் கோழிக்கால் வைத்தான். அதைப் பார்த்து அவன் அப்பா கேட்டார்.

"இன்னா நைனா, இந்தப் பொட்டி முட்ட போடுமா?"

"போடும்பா. சூடா போடும்."

அவன் படித்த பட்டணத்து ஓவியக் கல்லூரியில் ஒரு வாத்தியார் இதற்கு சர்ரியலிசம் என்று பெயர் சொன்னாராம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "கனவுல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு வருதில்லம்மா, அத முழிச்சிகினு வரையறது" என்றான். எனக்குப் புரிந்தது. அவன் அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

பிழைப்புக்கு மண்ணூர்பேட்டைக் கம்பெனிகளில் போர்டு எழுதினான். மின்சாரப் பெட்டிகளில் மண்டை ஓடும், அதன் கீழே 'அபாயம்' என்ற எழுத்தும். அங்கே கழித்துப்போட்ட தகரங்களைக் கொண்டுவந்து, அதன்மேல் தன் படங்களை வரைந்தான். ஒருமுறை பட்டணத்தில் கண்காட்சிக்கு எடுத்துப்போனான். பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

என்னையும் வரைந்தான். ஆள் உயரத் தகரம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஜன்னல். ஒன்றில் அவன் அப்பா ஷிஃப்டுக்குப் போகிறார், இன்னொன்றில் திரும்பி வருகிறார். தலைமுடி தண்டவாளமாகப் பிரிந்து தோளில் இறங்கும். வயிற்றில் அடுப்பு எரியும். அந்த நெருப்புக்கு மட்டும் அபாயம் போர்டு எழுதுகிற சிவப்பை எடுத்தான். "வெயில்லயும் போவாதும்மா இந்தக் கலரு" என்றான்.

போர்டு எழுதக் கொடுக்க வந்த மாங்காட்டு மேஸ்திரி அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் மேல் கண்பட்டுவிடக் கூடாது என்று ராட்சச முகம் மாட்டுவார்கள் இல்லையா?

"அண்ணாத்தே, திருஷ்டிக்கு இத உட்டா வேற இன்னா வேணும்? பாக்குறவன் பயந்துகினு ஓடுவான்!"

"அது எங்கம்மா, மேஸ்திரி."

மேஸ்திரி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இன்னும் நல்லா வேல செய்யும்."

என் மகன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். சிரித்துவிட்டுக் கொடுத்தும் விட்டான். "கண்காட்சிக்கு வந்தத விட நெறைய பேர் பாப்பாங்கம்மா."

அதன்பிறகு மாங்காடு, பூந்தமல்லி என்று சாரத்துக்குச் சாரம் அவன் படங்கள் தொங்கின. எருமை ரயில் ஒரு வீட்டில், கோழிக்கால் பெட்டி ஒரு வீட்டில். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அண்ணாந்து பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் கிரகப்பிரவேசம் வந்தால் திருஷ்டிக்கு மாட்டியதை இறக்கி முச்சந்தியில் கொளுத்துவது வழக்கம். பெயிண்ட் கருகிப் போகும். தகரம் காயலான் கடைக்குப் போகும். "திருப்பிக் கேளேன்டா" என்பேன். "கொளுத்தத்தானம்மா வாங்கிகினு போறாங்க" என்பான். அப்போது அவன் முகத்தில் சிரிப்பு இருக்காது.

பூந்தமல்லியில் ஒரு படத்தை மாட்டும்போது சாரத்திலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. "ஊர் திருஷ்டியெல்லாம் அவன் மேலயே எறங்கிடுச்சு" என்று என் காதுபடவே பேசினார்கள். அழுகையை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தேன். பேச்சு நின்றது.

இந்த வருஷம் அவனோடு படித்த பெண் ஒருத்தி வந்தாள். இப்போது கண்காட்சிகள் வைக்கிறவள். அவன் படங்கள் வேண்டும் என்றாள். வீட்டில் ஒன்றுகூட இல்லை. மிச்சமிருந்தது என் படம் மட்டும்தான். மேஸ்திரி அதை மாட்டிய மாங்காட்டு வீடு அண்ணன் தம்பி வழக்கில் பாதியில் நின்றதால், படம் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது வழக்கு முடிந்து கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று மேஸ்திரி சொல்லியனுப்பினார். பேத்தியை அழைத்துக்கொண்டு ஓடினேன்.

படத்தை இறக்கிக் கீழே வைத்திருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போட்டார்.

"ஆயா, எங்க ஊட்டு மேல பட்ட கண்ணெல்லாம் இதான் வாங்கி வெச்சிகினு கீது. எடுத்துகினு போனா அத்தினியும் உங்கூட வரும். வயசுப் பொண்ணு வேற கீது. கொளுத்திடலாம்."

"எனக்கு வர்றதுக்கு இன்னும் இன்னா பாக்கி கீது, நைனா?"

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். பேத்தியைப் பார்த்ததும் நீட்டிய கை பின்னால் போனது. இவளுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? எரிந்தால் எரியட்டும் என்ற சொல் வாய்வரை வந்தது.

அதற்குள் அவள் தகரத்தின் ஒரு முனையைத் தூக்கிவிட்டாள். "இன்னா ஆயா பாத்துகினு நிக்கிற? அந்தப் பக்கம் புடி."

பிடித்தேன்.

தகரம் முழுக்கச் சிமெண்டுத் தூசி. அடியில் படம் பத்திரமாக இருக்கும் என்று வழி முழுக்க நம்பிக்கொண்டு வந்தேன். வீட்டில் சுவரோரம் சாய்த்து ஈரத்துணியால் துடைத்தோம். என் முகத்தை வெயில் தின்றிருந்தது. ஜன்னலைக் காணோம், தண்டவாளத்தைக் காணோம். துருவுக்கு நடுவே வயிற்று நெருப்பு மட்டும் சிவப்பாக நின்றது.

கண்காட்சிப் பெண் வந்து வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "இதையே மாட்டறேம்மா. இதுல என்ன இருந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்க, பக்கத்துல வைக்கிறேன்" என்றாள். அதற்காகத்தான் எழுதினேன்.

ஜன்னல் இரண்டு என்று எழுதிவிட்டேன். எந்த ஜன்னலில் அவர் போனார், எதில் வந்தார் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் ஆளில்லை. பேத்தியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, மொதல்லருந்து படி. நான் கண்ண மூடிகினு கேக்குறேன். அந்தப் படம் தெரியுதா பாக்கலாம்."