நூலகத்துக்கு வந்த ஒலிபெருக்கி

நான் வகுப்பு எடுக்கும்போது பள்ளிக்கு எதிரே இருக்கும் ரொட்டிக் கடைக்காரர் தன் ரேடியோவை அணைத்துவிடுவார். என் பாடத்தைக் கேட்பதற்காகத்தான் அணைக்கிறார் என்று பதினேழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சத்தத்தில் ரேடியோ கேட்கவில்லை, கரண்ட் ஏன் வீணாக வேண்டும் என்று அணைத்தார் என்பது போன வருடம்தான் தெரிந்தது.

என் பெயர் ஆதெமில்டன். உம்புரானா நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் ஊரில் சாவுச் செய்தி, சர்க்கஸ், தக்காளி விலை எல்லாவற்றையும் கூரையில் குழாய் கட்டிய கார் ஒன்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போகும். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'ஒலிபெருக்கி'. அதைக் கேட்டால் மேலுக்குக் கோபப்படுவேன், உள்ளுக்குள் பெருமைதான். பட்டப்பெயரே இல்லாத வாத்தியார்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

போன மார்ச் மாதம், எட்டாவது பி வகுப்பில், மைனஸை மைனஸால் பெருக்கினால் என்ன வரும் என்று கேட்க வாயைத் திறந்தேன். காற்று வந்தது. மறுபடியும் திறந்தேன். மறுபடியும் காற்று. பிறகு பின்னாலிருந்து ஒருவன் கை தட்டினான்.

குரல் நாணில் இரண்டு முடிச்சு என்றார் டாக்டர். ஆறு மாதம் வகுப்புப் பக்கமே போகக் கூடாது. செப்டம்பரில் மாநிலத் தலைநகரான ரெசிஃபிக்குப் போய் மருத்துவக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் வகுப்பு திரும்பக் கிடைக்கும். அதுவரைக்கும் நூலகம். எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். குரல் போனவர், இடுப்பு பிடித்தவர், நரம்பு தளர்ந்தவர் எல்லாரையும் நூலகத்துக்குத்தான் அனுப்புவார்கள். கால் ஆடும் பழைய நாற்காலிகளையும் அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். என்னையும் சேர்த்து ஏழு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். எங்கள் பக்கம் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், அதனால் செப்டம்பரில் அதே எட்டாவது பி என் கைக்குத் திரும்ப வர வேண்டும். அதற்காக மாதுளைத் தோலைக் காய்ச்சிக் காலையும் மாலையும் தொண்டையைக் கொப்பளித்தேன். இஞ்சியை மென்றேன். தேனைக் கரண்டி கரண்டியாக விழுங்கினேன். என் மனைவி மரிலூசி, வீடு முழுக்க அடிக்கும் இஞ்சி வாசனையை மோந்துவிட்டுக் கேட்டாள்: "டாக்டரு ஆறு மாசம்னா சொன்னாரு? ஒரு வருஷமா கேட்டு வாங்கியிருக்கலாமே, ஆதே."

பதில் சொல்லக் குரல் இல்லை. அவள் பாட்டு பாடிக்கொண்டே துணி மடித்தாள்.

நூலகத்தில் சேர்ந்த முதல் நாளே பதினொரு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் விதி, சத்தம் போடக் கூடாது. அதைப் படித்த ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போய் இன்னொருவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். எல்லாரும் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் மொழி ஆசிரியை லூசினெய்டி, முப்பது பிள்ளைகளோடும் ஒரு மூட்டை தெர்மாகோல் தட்டோடும் உள்ளே வந்தார். கடையில் இறைச்சியை வைத்து மேலே பிளாஸ்டிக் சுற்றி விற்பார்களே, அந்தத் தட்டுகள். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கதை எழுத வேண்டும். தட்டின் ஓரத்தை வெட்டிவிட்டு, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி அதில் படம் வரைய வேண்டும். மேலே மை உருட்டி, காகிதத்தில் ஒற்றி எடுத்தால் கதைக்கு அட்டை தயார். நடுவில் எட்டுப் பக்கம். முடிந்ததும் துணிக் கிளிப் போட்டுக் கயிற்றில் தொங்கவிடுவது. எங்கள் சந்தையில் கதைப் புத்தகங்கள் அப்படித்தான் தொங்கும்.

மை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் போய்விட்டது. மேசைகளை நான்தான் முந்தின நாள் துடைத்திருந்தேன். கையை ஆட்டினேன், காலை ஆட்டினேன். ஒரு சீட்டில் 'மேசையில் மை படக் கூடாது' என்று எழுதி எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். சாயங்காலம் அந்தச் சீட்டு என் மேசைக்குத் திரும்ப வந்தது. நான் எழுதியதைச் சுற்றி யாரோ முந்திரிக் கிளை மாதிரி ஒன்றை அச்சடித்து, மூலைக்கு ஒரு மீனும் வைத்திருந்தார்கள். நன்றாக வேறு இருந்தது. கிழித்துப் போட மனம் வரவில்லை, மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வாரம் ஒரு பையன் மாடு வரையத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். வடிவியல் தெரிந்தவனுக்கு மாடு எம்மாத்திரம் என்று நினைத்து ஸ்கேலும் காம்பஸும் எடுத்தேன். பத்து நிமிடம் பாடுபட்டு ஒரு மாட்டை உருவாக்கி அவன் முன்னால் வைத்தேன்.

"சோபாவா சார்?" என்றான்.

பக்கத்திலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "கொம்பு இருக்குடா. கொம்பு வச்ச சோபா."

அன்றைக்கு நூலகமே ஒவ்வொருவராக வந்து அந்த மாட்டைப் பார்த்தது. ஆனால் மறுநாளிலிருந்து, எனக்கு வரைய வராது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் தட்டு கேட்டு வாங்கினார்கள். லூசினெய்டி வந்து, "உங்க மாட்டைப் பாத்தப்புறம் ஒருத்தருக்கும் கூச்சமே இல்ல சார். தினம் ஒண்ணு வரைஞ்சு சுவத்துல ஒட்டுங்க" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆடு வரைந்தேன், பேருந்து வரைந்தேன், நம்பினால் நம்புங்கள், லூசினெய்டியையே வரைந்தேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் மானம் பிழைத்தது. ஒரே தாளை மடித்து எட்டுப் பக்கம் ஆக்கும்போது எந்தப் பக்கம் எங்கே வரும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. மூன்றாம் பக்கம் தலைகீழாக நின்றது, ஏழுக்குப் பிறகு இரண்டு வந்தது. நான் மடித்துக் காட்டினேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கணக்குக் கேட்டு என்னிடம் வரிசை நின்றது. குரல் இல்லாததால் அவர்கள் என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து கேட்டார்கள். அவர்கள் தலையில் என்ன எண்ணெய் தடவுகிறார்கள் என்றுகூட எனக்குத் தெரிந்துபோயிற்று.

இந்தக் கூட்டத்தில் தாயனி என்று ஒரு பெண். எட்டாவது பிதான். இரண்டு வருடத்துக்கு முன் ஏழாம் வகுப்புக் கணக்கில் பத்துக்கு நாலரை வாங்கினாள், பாஸாக ஆறு வேண்டும். அந்த நாலரையைப் போட்டு அவளை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்தவன் நான்தான். வகுப்பில் அவள் தலையை நிமிர்த்திப் பார்த்ததே கிடையாது. என் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'கவனம் இல்லை' என்று எழுதியிருந்தேன். நூலகத்திலும் தலை நிமிரவில்லை. தட்டின் மேல் குனிந்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவே இல்லை.

தன் வீட்டை வரைந்துகொண்டிருந்தாள். இடது பக்கம் கதவு, வலது பக்கம் தண்ணீர்த் தொட்டி, தொட்டி மேல் ஒரு கோழி. ஒற்றி எடுத்ததும் எல்லாம் இடம் மாறி வந்தது. "எங்க வீடு இப்படி இல்ல" என்று தட்டை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றில் வரைந்தாள். அதுவும் இடம் மாறியது. மூன்றாவது தட்டை எடுத்தபோது அவள் உதடு துடித்ததைப் பார்த்தேன்.

ஒரு தாளை எடுத்து ஒரு பாதியில் மையால் கோழி மாதிரி எதையோ வரைந்து, ஈரம் காய்வதற்குள் இரண்டாக மடித்து அழுத்திப் பிரித்தேன். அந்தப் பக்கமும் ஒரு கோழி, திரும்பி நின்றது. தாயனி முதலில் கோழியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு மடிப்பைப் பார்த்தாள். விரலை வைத்து அளந்தாள்.

"இந்தப் பக்கம் மடிப்புலேருந்து ரெண்டு விரல்னா, அந்தப் பக்கமும் ரெண்டு விரல்."

தலையாட்டினேன்.

"அப்ப நான் தட்டுல கதவை வலது பக்கம் போட்டா, தாள்ல இடது பக்கம் வந்துரும்."

"ம்."

"இதுக்குப் பேரு இருக்கா சார்?"

"சமச்சீர்" என்றேன், இருக்கிற காற்றையெல்லாம் திரட்டி. "ஏழாவதுல நடத்தினேன். பரீட்சையில வந்துச்சு. நீ வெத்துத்தாளா விட்டுட்டே."

"நடத்துனீங்களா?" உண்மையாகவே யோசித்தாள். "காதுல விழல சார். நீங்க கத்திக்கிட்டு இருந்தீங்க."

அதில் குத்தல் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு மூன்றாவது தட்டில் கதவை வலது பக்கம் வைத்து வரைய ஆரம்பித்தாள்.

எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மக்காச்சோளப் புட்டைக் கரண்டியால் குத்திக்கொண்டு மரிலூசியிடம் காற்றுக் குரலில் முறையிட்டேன். "அவளுக்குக் கேக்கணும்னுதானே கத்துனேன்?"

"கத்துனா யாருக்குக் கேக்கும்?" என்றாள். "நீ ஆரம்பிச்ச உடனே நான் மனசுக்குள்ள காதை மூடிக்குவேன்."

"நீயுமா?"

"பத்தொம்பது வருஷமா. புட்டு ஆறுது, சாப்பிடு."

சாப்பிட முடியவில்லை. வெட்கமாக இருந்தது. 'கவனம் இல்லை' என்று இன்னும் எத்தனை பேருக்கு எழுதினேன் என்று நினைத்துப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

ஆனாலும் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாளும் மாதுளைத் தோல் காய்ச்சினேன். செப்டம்பரில் வேன் ஏறி ரெசிஃபிக்குப் போனேன். மருத்துவக் குழுவில் ஒரு இளம் பெண் டாக்டர் என் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வகுப்புல பேசுற மாதிரி ஒரு தடவை பேசிக் காட்டுங்க" என்றார். ஆறு மாதம் காத்திருந்தவன் நான். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, "எட்டாவது பி, உக்காருங்க" என்றேன். வாசலில் இருந்த காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"முடிச்சு கரைஞ்சிருச்சு, வகுப்புக்குப் போகலாம்" என்றார் டாக்டர் காதைத் தடவிக்கொண்டே. "ஆனா இதே மாதிரி கத்துனீங்கன்னா மார்ச்சுல இதே நாற்காலியில வந்து உக்காருவீங்க."

திரும்பி வரும்போது அந்தக் காவலாளி எட்டிப் பார்த்ததை வேனில் மூன்று பேரிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை எட்டாவது பிக்குள் நுழைந்தேன். மெதுவாகப் பேசுவது என்று தீர்மானம். தொண்டைக்காக என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையான காரணம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து நகத்தில் ஒட்டிய மையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"காலை வணக்கம்" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னேன். இரண்டு பேர் பாட்டில் மூடியால் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "ஒலிபெருக்கிக்கு பேட்டரி இன்னும் ஏறலடா" என்று ஒரு குரல். சிரிப்பு. கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு, அதைக் கையால் தட்டிக் காட்டினேன். மூடி வந்து என் காலில் பட்டது.

அப்போது தாயனி எழுந்தாள். நேராக முன்னால் வந்து, என் மேசையிலிருந்த டஸ்டரை எடுத்து மூன்று தடவை ஓங்கி அடித்தாள்.

"எட்டாவது பி! காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க? மண்டைக்குள்ள என்ன இருக்கு, மரவள்ளி மாவா? இதைக்கூடப் போடத் தெரியாதவனுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு, ஆடு மேய்க்கப் போ!"

ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. 'மாவா' என்பதற்கு முன்னால் நான் இழுக்கும் மூச்சு, பின் வரிசையை நோக்கி நீளும் விரல், எல்லாமே. வகுப்பு அடங்கியது. என் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்திருந்தது. என் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. எனக்கு நாற்பத்தெட்டு வயது. பதினேழு வருடம் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் அதை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை.

அவள் டஸ்டரை இருந்த இடத்தில் வைத்தாள். "அமைதியாயிட்டாங்க சார், இப்ப பேசுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அவளையே பார்த்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிருங்க" என்றேன். முதல் இரண்டு வரிசைக்குக் கேட்டிருக்கும்.

"என்ன சொன்னாரு?" என்றது பின்னால் ஒரு குரல்.

"மன்னிப்பு கேக்குறாருடா."

"யாரு?"

"சாருதான்."

"எதுக்காம்?"

அங்கிருந்தே உரக்கச் சொல்லியிருக்கலாம். டாக்டர் சரிபண்ணிக் கொடுத்த தொண்டை இருந்தது. ஆனால் நான் மேசைகளுக்கு நடுவே கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய், அங்கே இருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிக் குனிந்து, எதற்கு என்று சொன்னேன்.