மீட்டர் மேல் பழி

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறிப்பதுதான் அவர் வேலை. கட்டணம் ஏறிவிட்டால் போதும், கதவைத் திறக்கும்போதே, "உங்க மீட்டர் தாறுமாறா ஓடுது" என்று பிடித்துக்கொள்வார்கள். "மீட்டர் என்னம்மா பண்ணும்? உள்ள செலவாகுறதத்தானே காட்டும்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த மாடி ஏறிவிடுவார்.

அந்த மீட்டர்காரர்தான் இப்போது சாப்பாட்டு மேசையில், விரலைக் குத்திக்கொண்டு, சர்க்கரை பார்க்கும் கருவியைத் தட்டிக்கொண்டிருந்தார். முந்நூறைத் தாண்டியிருந்தது.

"இது பழுது. வேற வாங்கணும்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. இன்னொண்ணு வாங்கினா நாம கடையே வெச்சிடலாம்" என்றாள் மனைவி.

மாடிப்படி ஏறுவது கோடையோடு நின்றுபோயிருந்தது. தானாகவே கணக்கு அனுப்பும் மீட்டர்கள் வந்துவிட்டன. அவருக்கு அலுவலகத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அதே மாத்திரை, அதே சாப்பாடு. இத்தனை வருஷம் ஏறி இறங்கியதெல்லாம் உடம்பில் சேர்ந்துதானே கிடக்கும் என்று நிம்மதியாக உட்கார்ந்தார்.

அன்று காலை அலுவலக வாசலில் காவலாளி பின்னாலேயே ஓடிவந்திருந்தார். "சார், செருப்ப விட்டுட்டுப் போறீங்களே! வேண்டுதலா?"

குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்காலாக இருந்தது. எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. காவலாளி சிரித்தார், அவரும் சிரித்து வைத்தார்.  ஆனால் சர்க்கரை வந்த அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணன் இப்போது ஒற்றைக் காலோடு ஊன்றுகோலில் நடக்கிறார்.

மனைவியிடம் செருப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. மறுநாள் தனியாக மருத்துவமனைக்குப் போனார். வீட்டுக் கருவி பழுது என்று சொன்னார்; நர்ஸின் கருவியும் முந்நூறுக்கு மேல்தான் காட்டியது.

"உங்க மீட்டர் நல்லாத்தான் இருக்குண்ணா. நடந்தா தசை சர்க்கரைய இழுத்துக்கும். நடைய விட்டா சில நாள்லயே அந்த இழுப்பு கொறஞ்சிடும். பழைய நடை இன்னிக்கு உதவாது."

"அப்ப... காலு? செருப்பு கழண்டதே தெரியலம்மா."

"அது இந்த ஆறு மாசத்துல வந்ததா இருக்காது. மெதுவா, வருஷக்கணக்கா வர்றது. கண்ண மூடுங்க. நைலான் இழையால தொடுவேன், தெரிஞ்சா சொல்லுங்க."

மூடினார். குதிகாலில் ஏதோ பட்டது. "தெரியுது." உள்ளங்காலில். "தெரியுது."

அப்புறம் ஒன்றுமில்லை. தொடுகிறாளா, சும்மா நிற்கிறாளா? 'தெரியுது' என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? பூட்டிய வீட்டுக்குக் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர் ஒருநாளும் போட்டதில்லை.

"என்னண்ணா, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. தொட்டுட்டியா?"

"மூணு தடவ. பெருவிரல்ல."



"எழுதிக்கோம்மா. தெரியல" என்றார். கண்ணைத் திறந்ததும் முதலில் விரல்களைத்தான் பார்த்தார். ஐந்தும் அங்கேயே இருந்தன.