மூன்றாவது லேன்

மருந்துக்கடைக்காரருக்கு நீச்சல் தெரியாது. "தண்ணியில கால் நனைக்காத மனுஷன், நீந்துறவங்களுக்குத் தீர்ப்பு சொல்றாரு" என்று மனைவி வாய்க்கு வாய் கிண்டல் செய்வாள். ஆனால் போட்டி விதிகளை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். வாரத்தில் ஆறு நாள் மாத்திரை அட்டையை இரண்டு முறை பார்த்துக் கொடுக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை நீச்சல் குளத்தின் கரையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். பன்னிரண்டு வருடமாக, தப்பைக் கண்டு அவர் தூக்கிய கை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'கைதூக்கி'. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான், சும்மா சொல்லக்கூடாது.

அன்று ஆள் பற்றாக்குறை. எப்போதும் பந்தயம் தொடங்கும் பக்கம் நிற்கிறவரை எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வலது கைப்பக்கமிருந்த நான்கு லேன்கள் அவர் பொறுப்பு. பெண்களுக்கான இருநூறு மீட்டர் மெட்லி: பட்டாம்பூச்சி, மல்லாந்து, மார்பு நீச்சல், கடைசியில் ஃப்ரீஸ்டைல். மார்பு நீச்சலை முடிக்கும்போது இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரில் பட வேண்டும். ஒருத்திக்கு இடது கை பின்தங்கியது. அவர் கையைத் தூக்கினார். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் வலப்பக்கமிருந்து எண்ணி, சீட்டில் மூன்று என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவதாக வந்த மூன்றாம் லேன் பெண்ணைத் தகுதி நீக்கம் செய்தார்கள். முதல் இருவருக்குத்தான் மாவட்ட அணியில் இடம். அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு அது கடைசி வருடம்.

அதற்குப் பிறகு ஏழெட்டுப் பந்தயங்கள் நடந்தன. அதில் ஒன்றில் அவருடைய வலது ஓரத்தில் முதலாவதாகத் திரும்பியவளை ஒலிபெருக்கி "எட்டாவது லேன்" என்றது. அவர் மறுபடி விரல்விட்டு எண்ணினார். தொடங்கும் பக்கம் நின்றால்தான் வலது ஓரம் ஒன்று; இந்தப் பக்கம் நின்றால் எட்டு. வலமிருந்து மூன்றாவது என்றால் அது ஆறு. கடவுளே, பச்சைக் குழந்தைக்குத் தெரிகிற கணக்கு. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பந்தயம் முடிந்ததும் தலைமை நடுவரம்மாவிடம் ஓடினார்.

"மேடம், அது ஆறு. மூணு இல்ல. நான் மாத்தி எண்ணிட்டேன்."

"ஆட்சேபணை குடுக்க அரை மணி நேரம்தாங்க. அது முடிஞ்சாச்சு. மெடலும் குடுத்தாச்சு."

"தப்பு என்னோடது. என்னை வேணும்னா இன்னையோட நிறுத்திடுங்க. அந்தப் பொண்ணைச் சேத்துக்கங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நடுவரம்மா பேனாவை மூடினார். "அவ கோச் ஆட்சேபணை எழுதத்தான் வந்தாரு. அவதான் வேண்டாம்னுட்டா. 'சார் கை தூக்கினா தப்பு நடந்திருக்கும்'னு சொன்னாளாம்."

உடை மாற்றும் அறைக்கு வெளியே, பெஞ்சில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். அவர் அவள் எதிரே நின்றார்.

"நீ சரியாத்தான் தொட்டேம்மா. உன் பேர்ல ஒரு தப்பும் இல்ல. வேற லேனு. எண்ணினதுல நான்தான் கோட்டை விட்டுட்டேன்."

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எனக்காகப் பொய் சொல்லாதீங்க சார். இடது கை லேட்டாத்தான் வந்துச்சு. எனக்கே ஞாபகம் இருக்கு."

"சத்தியமா இல்லம்மா."

"இருக்கு சார். பாருங்க" என்று அவள் இரண்டு கையையும் நீட்டி, இடது கையை ஒரு நொடி தாமதித்து, காற்றைத் தொட்டுக் காட்டினாள்.