எட்டு மாதம் யார் வீட்டில்

புஷ்பவள்ளிக்கு வயது அறுபத்திரண்டு. பேசத் தெரிந்த நாள் முதல் யாரையாவது பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நான்கு அக்காக்களுக்குப் பிறகு பிறந்தவளுக்குக் குறிஞ்சிப்பாடி வீட்டில் யார் புதுப்பாவாடை தைத்தார்கள்? கல்யாணமாகிக் கடலூர் செம்மண்டலத்துக்கு வந்தால் ஓரகத்தி வீட்டில் மொசைக் தரை, இவள் வீட்டில் வெறும் சிமெண்டு. கணவர் சாமிக்கண்ணு போய்ச் சேர்ந்த பிறகு கிரைண்டர் வாங்கிப் போட்டு, தெருவுக்கெல்லாம் தோசை மாவு விற்று, மகன் அறிவழகனைப் படிக்க வைத்தாள். அவன் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போய் வீடு முழுக்க டைல்ஸே போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகாவது அடங்கினாளா என்றால், எங்கே! அதற்குள் சம்பந்தி வந்துவிட்டாள்.

சம்பந்தி தில்லையம்மாள் சிதம்பரத்துக்காரி. மெல்லப் பேசுவாள், தொட்டதற்கெல்லாம் கண் கலங்குவாள். மருமகள் அருள்மொழி தலைப்பிரசவத்துக்கு அங்கே போய் ஐந்து மாதம் இருந்தாள். பேத்தி முதன்முதலாகக் குப்புறக் கவிழ்ந்ததைப் புஷ்பவள்ளி போனில்தான் பார்த்தாள். அன்றைக்கு எரிந்த வயிறு ஏழு வருஷமாகியும் ஆறவில்லை. அம்மா வீட்டில் பிரசவம் என்பது ஊர் வழக்கம், அதை எதிர்த்து என்ன பேச முடியும்? வாயை மூடிக்கொண்டு மாவாட்டினாள்.

இந்த ஆடியில் அருள்மொழிக்கு இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. ஸ்கேன் எடுத்து, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தாறு வயசு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு மாமியாரிடம் வந்து நின்றாள்.

"சரியாவக்கூடிய கட்டத்துலதான் இருக்குன்னு சொல்றாங்க அத்தை. மொதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் ரேடியேஷன், அதான் கரண்டு வெப்பாங்க. எட்டு மாசம் ஆவும்."

புஷ்பவள்ளி பயந்துபோனாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தில்லையம்மாள் போன் செய்தாள்.

"எங்க ஊரு ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கலாம் அண்ணி. வூட்டுலேருந்து ஆட்டோவுல பத்து நிமிஷம். எம் பொண்ண நான் பாத்துக்குறேன்."

அவ்வளவுதான். அதுவரை பயம் இருந்த இடத்தில் வயிற்றெரிச்சல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. பிரசவத்தையும் நீயே பார்த்தாய், நோயையும் நீயே பார்ப்பாயா? அப்படியென்றால் இந்த வீட்டில் நான் எதற்கு, மாவு ஆட்டவா? இதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. "பாக்கலாம் அண்ணி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

அந்த நிமிஷத்திலிருந்து புஷ்பவள்ளி பாண்டிச்சேரிக் கட்சி. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி, செம்மண்டலத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாண்டிச்சேரி என்றால் மருமகள் இங்கே இருப்பாள். சிதம்பரம் என்றால் அம்மா வீட்டில். கணக்கு இவ்வளவுதான். அவள் அந்த ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதித்ததில்லை, ஆனால் மாவு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்து, பாண்டிச்சேரியில் பிழைத்தவர்கள் கதையாகப் பொறுக்கிச் சேர்த்தாள். பரங்கிப்பேட்டையிலிருந்து குடிவந்த ஒரு அம்மாள், "எங்க அண்ணன் வூட்டு மச்சிக்குச் சிதம்பரத்துலதான் பாத்தாங்க, பத்து வருஷமா நல்லாருக்கு" என்று சொல்லிவைத்தாள். அந்த அம்மாளுக்கு அன்றைக்கு மாவு ஒரு கரண்டி குறைந்தது.

அருள்மொழியோ யார் பேச்சையும் கேட்டுக்கொள்ளவில்லை. நோட்டில் கேள்வி எழுதினாள். ஆபரேஷன் டாக்டர், கீமோ டாக்டர், கரண்டு டாக்டர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்களா? மாதத்துக்கு எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன் செய்கிறார்கள்? கீமோவுக்கு நடுவே காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? திங்கட்கிழமை பாண்டிச்சேரி போய்க் கேட்டாள். வியாழக்கிழமை அதே கேள்விகளோடு சிதம்பரம் போவதாக இருந்தாள்.

புதன்கிழமை சாயந்திரம் புஷ்பவள்ளி ஒரு காரியம் செய்தாள். சொல்லவே கூசுகிறது. மருமகளின் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து உளுந்து மூட்டைக்கு அடியில் சொருகிவிட்டாள். ஃபைல் இல்லாமல் சிதம்பரத்தில் யார் பார்ப்பார்கள்? ஒரு வாரம் தள்ளிப்போகும், அதற்குள் பாண்டிச்சேரியில் ஆரம்பித்துவிடலாம் என்று யோசனை. நோயாளியின் ஒரு வாரத்தை எடுத்து ஒளிக்கிறோமே என்று அந்தப் பாவி மனுஷிக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மருமகள் தேடப்போகிறாள், தேடப்போகிறாள் என்று புஷ்பவள்ளி கிரைண்டர் பக்கத்திலேயே நின்றாள். அருள்மொழி குளித்து, தலைவாரி, நேராக வந்து உளுந்து மூட்டையை நகர்த்தினாள். ஃபைலை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"நீங்களும் வாங்க அத்தை. நேரா பாத்துட்டா உங்களுக்கும் மனசு ஆறும்."

வேறு ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. புஷ்பவள்ளி புடவை மாற்றிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

சிதம்பரத்து டாக்டரம்மா எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பாண்டிச்சேரியில் சொன்ன அதே மருந்து, அதே வரிசை. கடைசியில், "எங்க பாத்தாலும் சரிதாம்மா. ஆனா லேட் பண்ணாதீங்க. கீமோ நேரத்துல காய்ச்சல் வந்தா உடனே வந்தாகணும். அதனால பக்கத்துல இருக்கற வீடா, நல்லா பாத்துக்கற ஆளா பாத்து முடிவு பண்ணுங்க" என்றார்.

மதியச் சாப்பாடு தில்லையம்மாள் வீட்டில். மகளுக்கென்று முன்னறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து வைத்திருந்தாள். குந்தி எழ முடியாதென்று பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட்கூட வைத்தாகிவிட்டது, சிமெண்டு இன்னும் ஈரம். புஷ்பவள்ளி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இது தனக்குத் தோன்றவில்லையே! சாம்பார் நன்றாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தில்லையம்மாள் மகளை அழைத்துப்போக வந்தாள். பெரிய பை, சிவந்த கண். அறிவழகன் மனைவியைப் பார்த்து, "உனக்கு எது தோதோ அதச் சொல்லு அருளு" என்றான்.

"பாண்டிச்சேரியிலயே பாத்துக்குறேன். இங்கேருந்தே போறேன்மா" என்றாள் அருள்மொழி.

தில்லையம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள். புஷ்பவள்ளிக்கு உச்சி குளிர்ந்தது. அழுகிறவளுக்குத் தட்டு நிறையச் சோறு போட்டு, "நான் இருக்கேன் அண்ணி, நீங்க எதுக்குக் கவலப்படுறீங்க" என்று பெரிய மனசு பண்ணி, தானே கூடப் போய்ச் சிதம்பரம் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வருகிற வழியில் வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கிற கொத்தனாருக்கும் சொல்லிவிட்டாள்.

ஜெயித்தவளுக்குச் சும்மா இருக்க முடிகிறதா? தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்க வேண்டும். துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அம்மா அவ்ளோ ஆசையா வந்து கூப்புட்டாங்க. என்னாத்துக்கு இங்க இருக்கறேன்னுட்ட?"

அருள்மொழி தலை நிமிராமல் சொன்னாள். "அம்மா தாங்காது அத்தை. முடி கொட்டும், வாந்தி வரும், அதையெல்லாம் அது கண்ணால பாக்கவே கூடாது. அது அழுதா நான்தான் தேத்தணும், எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல. உங்களப் பத்திக் கவல இல்ல. நீங்க கல்லு மாதிரி. என்னா பாத்தாலும் அசர மாட்டீங்க."

நல்லவிதமாகத்தான் சொன்னாள். நம்பிச் சொன்னாள். புஷ்பவள்ளி மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள். அந்தம்மாளைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறாய், என்னை எவள் காப்பாற்றுவாள்? எனக்கும் தாங்காதுடி என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும், மருமகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போய்விடுவாள். இன்றைக்கு மட்டுமில்லை, எட்டு மாதமும் ஒரு சொட்டு விடக்கூடாது.

"நாளைக்கி பாண்டிச்சேரிக்கு எத்தினி மணிக்கிக் கெளம்பணும்?" என்று கேட்டாள். குரல் கணீரென்று வந்தது.

"ஆறு மணிக்கு அத்தை."

தில்லையம்மாள் இந்நேரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, ஊர் போய்ச் சேருகிறவரை வேண்டுமட்டும் அழுதுகொண்டு போவாள். கொடுத்துவைத்தவள்.