ஐம்பத்தோராவது கோடு

என் கணவர், வெடித்து முடிந்த துவக்கு ரவைக் கோதுகளை என்னுடைய புட்டுப் பானையில் போட்டு அவித்தார். மருத்துவமனைச் சமையலறையில் காலை வேலையை முடித்துக்கொண்டு, ஒஸ்லோவின் புருசெத்துப் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தால், அடுப்பில் பானை கொதிக்கிறது. மூடியைத் தூக்கினேன். கரி கரைந்த கறுத்த தண்ணீரில் ஐம்பது பித்தளைக் கோதுகள் புரண்டுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். மூடியை எட்டப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இதென்ன கோலம்?"

"கழுவுறன். சவர்க்காரமும் சுடுதண்ணியும் போட்டால் கரி கழண்டிடும்."

"புட்டுப் பானையிலையோ?"

"பிறகு மினுக்கித் தாறன். ஏன் முகத்தை அப்பிடி வைக்கிறீர்?"

பானை அன்றைக்கே குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு வாங்கிய பானையில் புட்டு ஒருநாளும் முன்புபோல் அவியவில்லை. அதை இன்றைக்கும் அவரிடம் சொல்லிக்காட்டுகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து நாலைந்து வருடம் போயிருந்த காலம் அது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்த மனிதர், இங்கே ஒஸ்லோவில் வேட்டைப் பரீட்சை எழுதி, பொலிசில் அனுமதி எடுத்து, படுக்கை அறைக்குள் ஒரு இரும்பு அலுமாரியை நிறுத்தி, அதற்குள் துவக்கைப் பூட்டி வைத்திருந்தார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிய கதைதான். நான் அந்த அலுமாரிப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

ஆசைக்குக் காரணம் இருந்தது. அவர் வேலை செய்தது பேருந்து திருத்தும் பட்டறை ஒன்றில். பத்து வருடமாக ஒரே மேசையில் கோப்பி குடித்தவர்களில் ஒருவர்கூட வீட்டுக்கு வா என்று அவரைக் கூப்பிட்டதில்லை. அந்த வருடம் பட்டறையின் மேற்பார்வையாளர், தாடி வைத்த ஒரு நொர்வேஜியர், இலையுதிர் காலத்தில் எல்க் வேட்டைக்குப் போகும் தங்கள் குழுவில் ஓரிடம் காலி, வருகிறாயா என்று கேட்டார். எல்க் என்பது குதிரையைவிட உயரமான காட்டுமான். இவருக்குத் தலைகால் புரியவில்லை. நகரத்தின் இன்னொரு பக்கம், அம்மருட்டில் இருந்த தமக்கைக்கு அன்று பின்னேரமே தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

துவக்குக் கடைக்குப் போனவர் அளவான துவக்காக வாங்கியிருக்கலாம். "சின்னனா வாங்கினால் சிரிப்பாங்கள்" என்று, சுண்டுவிரல் நுழையும் வாயுள்ள பழைய துவக்கு ஒன்றை வாங்கி வந்தார். யானைக்குச் சுடுவதை மானுக்கு வாங்கிய வீரர். சுட்டு வந்த முதல் நாள் தோளில் கத்தரிக்காய் நிறத்தில் கண்டல். நான்தான் எண்ணெய் தடவினேன். தடவும்போது அவர்மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

வேட்டைக்குப் போவதற்கு வருடாவருடம் சூட்டுப் பரீட்சை ஒன்று உண்டு. ஐந்து வெடியும் வட்டத்துக்குள் விழவேண்டும். இரண்டு முறை தோற்றார். ஒருமுறை நானும் சூட்டுத் திடலுக்குப் போயிருந்தேன். மேற்பார்வையாளர் அவருக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத வெற்று ரவை ஒன்றைத் துவக்குக்குள் வைத்துக் கொடுத்தார். இவர் விசையை இழுத்தார். 'டிக்' என்ற சத்தம் மட்டுந்தான். ஆனால் என் கணவரின் இரண்டு கண்ணும் இறுக்கி மூடியிருந்தன, தோள் ஒருமுழம் துள்ளியது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கண்மூடலை நான் ஊரில் பதுங்குகுழிக்குள் பார்த்திருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் மூடினோம்.

பயத்தைத் தெளிவிக்க மேற்பார்வையாளர் சொன்ன வழிதான் பதமான ரவை. பெரிய கோதுக்குள் கொஞ்ச மருந்து, மேலே மென்மையான ஈயக் குண்டு. அப்படிச் செய்த ரவை தோளை உதைக்காது, மெல்லத் தள்ளும். ஐம்பது நூறு சுட்டால் கண் தானாகத் திறந்து நிற்கும். கடையில் அது கிடைக்காது, வெடித்த கோதுகளைக் கழுவிக் கையால்தான் செய்யவேண்டும். அழுத்தும் கருவி, அளவுகரண்டி, புனல், ஐம்பது குழி உள்ள மரப்பலகை எல்லாவற்றையும் மேற்பார்வையாளரே இரவல் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றை இரண்டு தரம் சொன்னாராம். மருந்து அடியில் கிடப்பதால் வெளியே தெரியாது. ஒரே கோதுக்கு இரண்டு கரண்டி போனாலும் கோது நிரம்பி வழியாது. ஆனால் துவக்கு வெடித்து முகத்தைக் கொண்டுபோய்விடும். ஆகவே குண்டு வைக்க முதல் டோர்ச் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார். இவர் தலையாட்டிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் வேலை தொடங்கியது. சோறு போடும் மேசையில் ஈயம். குண்டுகளுக்குப் பூசியிருந்த மெழுகு என் மேசை விரிப்பில் அப்பியது. மருந்துக்கு நகப்பூச்சும் பழைய இரும்பும் கலந்த ஒரு வாடை. என்னைக் கோடு போடச் சொன்னார். மருத்துவமனைச் சமையலறையில் உப்பில்லாத தட்டு, சீனியில்லாத தட்டு என்று ஒவ்வொன்று வெளியே போகும்போதும் தாளில் கோடு போடுவது என் வேலை. என் கோடு பிழைக்காது என்பது அவருக்குத் தெரியும். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு இருந்தேன். கரண்டி புனலில் தட்டும் சத்தம் கேட்டால் ஒரு கோடு.

அவருடைய குடும்பம் வயல்காரக் குடும்பம். நெல் அளக்கும்போது முதல் அளவையை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. உருளைக்கிழங்கு எண்ணினாலும் லாபத்தில்தான் தொடங்குவார்.

"லாபம்" என்று முதல் கோதுக்குள் மருந்தைக் கொட்டினார். நான் கோடு போட்டேன். தொலைபேசி அடித்தது. தமக்கை. எல்க் இறைச்சியை எப்படிப் பதப்படுத்துவது என்று கால் மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்தார். சுடாத மானுக்கு மிளகாய்த்தூள் அளவு முடிவாகிவிட்டது.

"இடையிலை முறிஞ்ச அளவை சரிவராது" என்று சொல்லிக்கொண்டே கதிரையில் இருந்தார். "லாபம்" என்று திரும்பவும் தொடங்கினார். கரண்டி தட்டியது. நான் கோடு போட்டேன்.

ஐம்பது என்று முடித்ததும் குண்டுகளை வைத்து அழுத்தத் தொடங்கினார்.

"டோர்ச் அடிச்சுப் பாக்கச் சொன்னவரெல்லோ?"

"எண்ணித்தானே போட்டனான். பலகையிலை ஐம்பது, வாயிலை ஐம்பது. பிறகென்ன?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போது மேசையைக் கழுவலாம் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

மறுநாள் காலை அவர் ரவைப் பெட்டியை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய்விட்டார். நான் மேசையை மூன்றாம் தரம் துடைத்துவிட்டு அந்தத் தாளைக் கசக்கப் போனேன். கை பழக்கத்தில் கோடுகளை ஐந்தைந்தாகப் பார்த்தது. பத்துக் கட்டு. பக்கத்தில் தனியாக ஒரு கோடு. திரும்ப எண்ணினேன். ஐம்பத்தொன்று. கோது ஐம்பதுதான். இரண்டு லாபமும் என் காதுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன.

அவருடைய கைத்தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. காதுமூடி போட்டிருப்பவருக்கு எப்படிக் கேட்கும். வீட்டு உடுப்புக்கு மேலே குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு டக்சி பிடித்தேன். திடல் காட்டோரத்தில் இருந்தது. கார் நிற்கும் இடத்திலிருந்து சரளைக்கல் பாதையில் ஏறும்போது மேலே ஒவ்வொரு வெடியும் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நான் நின்றேன். அத்தனை நாளும் இருந்த அருவருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய முகம், அந்தக் கத்தரிக்காய்த் தோள், அவை மட்டுந்தான் எனக்குள் இருந்தன.

அவர் தன் முறைக்காக மர வாங்கில் இருந்தார். பெட்டி மடியில் திறந்திருந்தது. வழக்கம்போல எண்ணிய ஒழுங்கிலேயே அடுக்கியிருந்தார். லாபம் முதலாவது இடத்தில். முதல் வெடி அதுதான்.

"அதைத் தொடாதேங்கோ" என்றேன். தமிழில்தான் சொன்னேன். ஆனாலும் அங்கே நின்ற எல்லாரும் நிறுத்தினார்கள்.

எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் மேற்பார்வையாளருக்குத் தாளைக் காட்டிச் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். சுத்தியல் போன்ற ஒரு சாமானுக்குள் முதல் ரவையை மாட்டி, மரக்கட்டையில் தட்டினார். குண்டு கழன்றது. மருந்தை வெள்ளைத் தாளில் கொட்டினார். இரண்டாவது ரவையைக் கழற்றிப் பக்கத்தில் கொட்டினார். முதல் குவியல் இரண்டாவதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. அவர் மிச்சம் நாற்பத்தெட்டையும் பெட்டியோடு தன் பைக்குள் வைத்து மூடினார்.

எங்கள் காருக்குள் ஏறியதும் என் கணவர் சொன்னார்: "ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

என் வாழ்க்கையில் எத்தனையோ அசிங்கமான சொல் கேட்டிருக்கிறேன். இதைப்போல எதுவும் என்னைக் குமட்டவைத்ததில்லை. அன்று பின்னேரம் தமக்கைக்கு அவர் இதையே பகிடியாகச் சொன்னார். "உவள் வீட்டுச் சட்டையோடை ஓடி வந்திட்டாள்" என்று சிரித்தார்.

நான் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். எதுவும் எழுதவில்லை. பால் எடுக்கும்போதெல்லாம் அவருக்கு அது கண்ணில் படும். மூன்று நாள் பார்க்காததுபோல நடந்தார். நாலாம் நாள் காலை, வேலைக்கு வெளிக்கிட்டவர் அதன் முன்னால் நின்றார். விரலை முதல் கோட்டில் வைத்தார். லாபம் சொல்லவில்லை. ஒண்டு, ரெண்டு என்று மெல்ல எண்ணிக்கொண்டு போனார். கடைசித் தனிக் கோட்டில் விரல் வந்ததும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினார். தோள் துள்ளியது. கையில் துவக்கு இல்லை, பால் பெட்டிதான் இருந்தது.

"நான் டோர்ச் அடிச்சுப் பாத்திருக்கவேணும்" என்றார்.

எத்தனை நாளாக அந்த ஒரு வசனத்துக்குக் காத்திருந்தேன். வந்தபோது அந்த வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கரண்டிக்கும் அந்த மேசையில் நானும் இருந்தேன்.

"நானும் பாக்கேல்லை" என்றேன். "மணக்குது எண்டு மற்றப் பக்கம் திரும்பி இருந்தனான்."