இடதுபக்கம் தாழ்ந்த வண்டி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஆனால் இது நடந்தது. ராத்திரியில்கூட இல்லை. கொளுத்துகிற சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில் நடந்தது.

அரியலூரில் இருபத்தாறு வருசம் அடுத்தவர் லாரியில் சிமெண்ட் லோடு அடித்தவன் நான். முதுகு போய்விட்டது. இனி லாரி ஏறினால் நடக்கவே முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இருந்ததையெல்லாம் புரட்டி, பெரம்பலூர் புரோக்கர் ஒருவர் மூலம் பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். முந்தைய ஓனரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆண்டிமடம் பக்கம் முந்திரி லோடு அடித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

வண்டியின் முன்பக்கம் தரையோடு கிடந்தது. முந்திரிக்காட்டுத் தடத்தின் நடுமேடு அடியில் இடித்து, உள்ளேயே போக முடியவில்லை. இரண்டு லோடு கைநழுவிப் போயிற்று. என் மனைவி சுமதி கண்ணைக் கசக்கினாள். "இந்த சீசனும் போச்சுன்னா மறுபடி லாரிதாங்க. உங்க முதுகு தாங்காதுங்க."

மெக்கானிக் மணிவண்ணனிடம் விட்டேன். முன்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைக் கட்டுகளில், பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்து வண்டியை உயர்த்தினான். ஜாக்கியை இறக்கிவிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை வைத்து அளந்தான்.

வலதுபக்கம் ஒரு சாண். இடதுபக்கம் நாலு விரல்.

"பட்டையில கோளாறுண்ணே" என்று எல்லாவற்றையும் கழற்றி, வலதை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றினான். கோளாறு பட்டையில் இருந்தால் அதுவும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. அதே இடதுபக்கம். அதே நாலு விரல்.

தலையைச் சொறிந்தான். "காலி வண்டிண்ணே. ஆளு ஒக்காந்தாப்ல அமுங்குது."

"வுடு தம்பி. நாளைக்கு லோடு இருக்கு. இப்படியே ஓட்டிக்கிறேன்." அதற்கு மேல் நிற்க என்னால் முடியவில்லை. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

மறுநாள் ஆண்டிமடம் தாண்டிப் போனேன். ஓரிடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. நான் போக வேண்டியது வலதுபக்கம். ஸ்டியரிங் இடதுபக்கம் இழுத்தது. சாய்ந்த வண்டி இழுக்கத்தான் செய்யும். திருப்பினேன். மறுபடி இழுத்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. எங்கேயாவது போய்த் தொலை என்று இழுத்த பக்கமே விட்டேன்.

நடுமேடு வந்தது. உரசாமல் ஏறி இறங்கியது வண்டி.

பக்கத்து சீட்டில் ஒரு பெருமூச்சு.

ஹா...

திரும்பினேன். யாருமில்லை. சீட் மட்டும் குழிந்திருந்தது.

தடம் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் முடிந்தது. மணி பன்னிரண்டு. என்ஜின் தானாக நின்றது. காக்காய் சத்தம்கூட இல்லை.

ஒரு பெரியவர் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. இடது ஜன்னலைப் பார்த்தார். உதடு துடித்தது. மெல்ல வந்து அந்தக் கதவைத் திறந்தார்.

"அறிவு... எறங்குடா. வூடு வந்துடுச்சு."

க்ரீச்...

வண்டி ஆடியது.

இடதுபக்கம் மேலே எழுந்தது.

பெரியவர் வெறுங்காற்றைத் தோளோடு அணைத்தபடி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

எப்படி ரிவர்ஸ் எடுத்தேன், எப்படி ஊர் வந்தேன், தெரியாது. வந்துதான் அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரு சாண். சொன்னால் வெட்கக்கேடு, அந்தப் பயத்திலும் ஒரு நிம்மதி வந்தது. வண்டி சரியாகிவிட்டதே!

மூன்றாம் நாள், முந்திரி வியாபாரி பேச்சுவாக்கில் சொன்னார். தடம் முடிகிற அந்த ஓட்டு வீட்டில் இருந்த அமாவாசை என்ற பெரியவர் இறந்துவிட்டாராம். மனசு கேட்கவில்லை. மாலை வாங்கிக்கொண்டு அதே வண்டியில் போனேன்.

அவர் மனைவி செங்கமலம் வண்டியைப் பார்த்ததும் ஒப்பாரியை நிறுத்தினார்.

"இத யாரு தம்பி ஒசத்துனா?"

"நாந்தாம்மா. தடத்துல இடிக்குதுன்னு..."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்க வண்டிதான் தம்பி. இவரு ஓட்டிக்கிட்டு வர்றப்ப ஆக்சிடென்ட் ஆயி, பக்கத்துல ஒக்காந்திருந்த எம்மவன் அறிவழகன் இதுலதான் செத்தான். கருமாதி முடிஞ்சும் வண்டி தானா வூட்டுக்கு வர்றது நிக்கல. தார் ரோட்டுல பூட்டிட்டு வந்தாலும் விடிஞ்சா வாசல்ல நிக்கும். அப்புறந்தான் இவரே முன்னாடி பட்டையக் கழட்டி எறக்குனாரு... மேடு தாண்டி வூட்டுக்கு வந்துறக் கூடாதுன்னு."



பெரியவரை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் வண்டிக்கு வந்தேன். ஏறுவதற்கு முன்னால் குனிந்து கையை வைத்தேன்.

இடதுபக்கம் நாலு விரல்.

சுற்றிக்கொண்டு வந்தேன்.

வலதுபக்கமும்... நாலு விரல்.

டிரைவர் சீட் குழிந்திருந்தது.

சாவியைக் கீழே போட்டுவிட்டு, தார் ரோடு வரை நடந்து பஸ் ஏறினேன். சுமதி எவ்வளவோ அழுதாள். திங்கட்கிழமை மறுபடி சிமெண்ட் லாரியில் ஏறிவிட்டேன்.